கணக்கை இடித்துப் பொடியாக்கிய ஆரியபட்டர்



விழா மலருக்கு ஒரு பெரியவரின் வரலாற்றை எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டார். அரசர்கள், தலைவர்கள், புலவர்கள் கதையெல்லாம் நம் மலர்களில் வந்துவிட்டன. ஆகவே நான் ஒரு கணக்குக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். கணக்கா, ஆளை விடுங்க சார் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இடைநிலைப்பள்ளியில் எக்ஸ், ஒய் என்று இரண்டு எழுத்தைக் கரும்பலகையில் கண்டு நடுங்கியவன்தான் நானும்.

அவர் பெயர் ஆரியபட்டர். தாய் தந்தையர் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை. வயதை மட்டும் எழுதினார், அதையும் ஒரு கணக்காகவே போட்டுவிட்டார்! கலியுகத்தில் அறுபதை அறுபதால் பெருக்கிய ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு 23 வயது என்பதே அந்தக் கணக்கு. அறுபது அறுபது 3,600. கலியுகம் பிறந்தது கி.மு. 3102 என்று வைப்பது வழக்கம். கழித்துப் பாருங்கள், 498 வரும். பூஜ்ஜியம் என்று ஓர் ஆண்டு கிடையாது. அதனால் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக, கி.பி. 499. அதிலிருந்து 23 போனால் அவர் பிறந்தது 476.

குசுமபுரம் என்ற ஊரில் போற்றப்பட்ட அறிவையே தாம் சொல்வதாக அவர் குறித்தார். இன்று பீகார் மாநிலத்தில் பாட்னா என்கிறோமே, அதுதான் அந்த ஊர் என்பர். அவர் செய்த நூல் ஆரியபட்டீயம். சுமார் 120 செய்யுள்கள்தாம். நம் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகம் அதைவிடப் பருமன்! அதற்குள் வட்டத்தின் சுற்றளவும் உண்டு, கிரகணம் நிழலால் வருவது என்ற விளக்கமும் உண்டு.

கணிதப் பகுதி 33 செய்யுள். அதில் கடைசி இரண்டைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். தெரியாதது ஒன்றாக இருந்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். ஒரே சமன்பாட்டில் தெரியாதது இரண்டு இருந்தால்? விடையே இல்லை என்று பேனாவை மூடி வைக்கத் தோன்றும். ஆரியபட்டர் மூடி வைக்கவில்லை.

இதோ, நம் பள்ளித் திடலிலேயே பார்ப்போம். காலையில் பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராக நிற்கச் சொல்கிறேன், 3 பேர் மிச்சம். சரி, ஏழு ஏழாக நில்லுங்கள் என்கிறேன், 2 பேர் மிச்சம். மொத்தம் எத்தனை பிள்ளைகள்? ஐவர் வரிசை எத்தனை என்று தெரியாது, எழுவர் வரிசை எத்தனை என்றும் தெரியாது. முதலதை அ என்றும் மற்றதை ஆ என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

5அ + 3 = 7ஆ + 2

அதாவது, 5அ = 7ஆ − 1. வலப்பக்கம் உள்ளது ஐந்தால் மீதியின்றி வகுபட வேண்டும். இங்கேதான் அவருடைய வழி வருகிறது. பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்து, மிச்சத்தை மட்டும் கையில் எடுத்துக்கொள்! ஏழில் ஐந்து போனால் 2. ஆகவே 7ஆ − 1 பற்றிக் கவலை வேண்டாம், 2ஆ − 1 ஐந்தால் வகுபட்டாலே போதும். ஆ ஒன்று என்றால் 1, இரண்டு என்றால் 3, மூன்று என்றால் 5. கிடைத்துவிட்டது! எழுவர் வரிசை 3, ஐவர் வரிசை 4, பிள்ளைகள் 23 பேர்.

23 மட்டும்தானா? இல்லை. 35ஐக் கூட்டினால் 58, இன்னும் 35 கூட்டினால் 93, அவையும் சரியே. எது உண்மை என்பதை வருகைப் பதிவேடு சொல்லும்.

ஐந்துக்கும் ஏழுக்கும் இத்தனை பாடா என்று கேட்பீர்கள். எண்கள் ஆயிரம், லட்சம் என்று போனால் விரல் விட்டு எண்ண முடியுமா? அப்போது மிச்சத்தால் மறுபடி வகுக்க வேண்டும், அந்த மிச்சத்தால் இன்னொரு தடவை. உரலில் போட்டு இடிக்க இடிக்க நொய்யாகிற மாதிரி எண்கள் சிறுத்துக்கொண்டே வரும். பின்வந்தவர்கள் இதற்குக் குட்டகம் என்று பேர் வைத்தார்கள். இடித்துப் பொடியாக்குவது என்று பொருள். ஆரியபட்டருக்கு இது விளையாட்டுக் கணக்கு அல்ல. 4,320,000 ஆண்டு கொண்ட ஒரு யுகத்தில் 1,577,917,500 நாள் என்று கணித்தவர் அவர். வானத்தில் ஒரு கிரகம் எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டு எத்தனை நாள் கழிந்தது என்று காண இந்த வழி உதவியது. ஐரோப்பாவில் இதற்குப் பொதுவான வழி அச்சில் வந்தது 17ஆம் நூற்றாண்டில்தான்.

இவ்வளவு செய்தவரை ஊரே கொண்டாடியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்று அவர் எழுதினார். படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் ஓடுவது போலத்தான் நட்சத்திரங்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகிறதாம். லாரியில் டவுனுக்குப் போகும்போது பால்மரங்கள் பின்னால் ஓடுவதை நாம் பார்த்ததில்லையா? ஆனாலும் அறிஞர்களே அதை ஒப்பவில்லை. பூமி சுற்றினால் பறந்துபோன பறவை கூட்டுக்குத் திரும்புமா என்றெல்லாம் வாதம் கிளப்பினார்கள். 628இல் நூல் செய்த பிரம்மகுப்தர் அவரை மிகக் கடுமையாகத் தாக்கினார். அதே பிரம்மகுப்தர் தம் நூலில் தெரியாத எண்களைக் காணும் அத்தியாயத்துக்கு என்ன பேர் வைத்தார் தெரியுமா? குட்டகம்! ஆளைத் திட்டினாலும் அவர் கொடுத்த உலக்கையை விட முடியவில்லை பாருங்கள். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

1975 ஏப்ரல் 19ஆம் நாள் இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் வானில் ஏறியபோது அதற்கு ஆரியபட்டா என்றே பெயர் சூட்டியிருந்தார்கள்.

ஆரியபட்டீயத்துக்கு 629இல் முதலாம் பாஸ்கரர் உரை எழுதினார். அதில் அவர் போட்ட கணக்கு ஒன்றை இங்கே தருகிறேன். ஓர் எண்ணை 8ஆல் வகுத்தால் 5 மிச்சம், 9ஆல் வகுத்தால் 4 மிச்சம், 7ஆல் வகுத்தால் 1 மிச்சம். அப்படிப்பட்ட மிகச் சிறிய எண் எது? நூறுக்குள்தான் இருக்கிறது. அப்பா அம்மாவும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். விடை கண்டவர்கள் திங்கட்கிழமை காலையில் என்னிடம் வந்து சொல்லலாம்.