மெட்ராஸ் சாப்பாட்டுக்குக் கடைசி இடம்: ராபர்ட் மெக்கரிசன் (1878–1960)

இந்த இதழ்ல நாம பார்க்கப் போறவர் ஒரு டாக்டர். பிறந்தது அயர்லாந்து. ஆனா அவர் வாழ்க்கையோட முக்கியமான வேலை நடந்தது நம்ம தமிழ்நாட்டுல, குன்னூர்ல. "சத்தான உணவு" என்று இன்னைக்கு நாம சர்வசாதாரணமா சொல்றோமே, அதை இந்தியாவில் ஓர் ஆராய்ச்சித் துறையாகவே நிறுத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் அவர்தான்.

இவரைப் பற்றி ஏன் இப்போ எழுதணும்? மூலக்கொத்தளம், ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருந்து காலேஜுக்கு வர்ற பசங்க கூட்டத்துல ரெண்டு பேச்சு அடிக்கடி கேட்கும். ஒண்ணு, எங்க பரம்பரையே ஒல்லிதான், என்ன சாப்பிட்டாலும் உடம்பு வைக்காது. இன்னொண்ணு, டப்பா புரோட்டீன் பவுடர் வாங்கக் காசு இருந்தாத்தான் உடம்பு தேறும். இந்த ரெண்டையும் சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடியே மெக்கரிசன் எலிகளை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார்.

மலையில் தொடங்கிய வேலை

1878 மார்ச் 15 அன்று, இன்றைய வட அயர்லாந்தில் இருக்கும் போர்ட்டடவுன் என்ற ஊரில் பிறந்தார். பெல்ஃபாஸ்ட்டில் மருத்துவம் படித்து 1900இல் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷமே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பல் ஏறினார்.

முதலில் அவரை அனுப்பிய இடம் வடமேற்கு எல்லையில் இருந்த சித்ரால். அங்கே சிப்பாய்களைப் படுக்க வைத்த மூன்று நாள் காய்ச்சலை ஆராய்ந்து, அது மணல் ஈ மூலம் பரவலாம் என்று கணித்தார். பிறகு கில்கிட். அங்கே சில கிராமங்களில் பெரும்பாலானவர்களுக்குக் கழுத்தில் கழலை இருந்தது. குடிக்கிற தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். அந்தத் தண்ணீரை வடிகட்டி, அடியில் தங்கிய கசடை எடுத்துத் தானே குடித்தார். தொண்டர்களுக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. அதே கசடைக் கொதிக்க வைத்துக் கொடுத்தபோது வீங்கவில்லை. அயோடின் குறைபாடுதான் கழலைக்கு அடிப்படைக் காரணம் என்பது பின்னாடி உறுதியானது. ஆனாலும், கண்ணால் பார்த்ததைச் சோதனை போட்டுத்தான் நம்புவது என்ற பழக்கம் அவருக்கு அங்கேயே வந்துவிட்டது.

அந்த மலைப்பகுதியில் ஹுன்சா மக்களின் திடகாத்திரமான உடம்பும் அவர் கண்ணில் பட்டது. அவங்க நூற்றைம்பது வருஷம் வாழ்வாங்க என்கிற மாதிரிக் கதைகள் பின்னாளில் மற்றவர்கள் கட்டிவிட்டது. அதை நம்ப வேண்டாம். மெக்கரிசன் மனசுல தங்கியது ஒரு கேள்விதான்: ஓர் ஊர்க்காரன் திடமாக இருக்கிறான், இன்னோர் ஊர்க்காரன் நோஞ்சானாக இருக்கிறான். இது ரத்தத்தில் வருவதா, சோற்றில் வருவதா?

குன்னூரில் ஒரே ஓர் அறை

முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918இல், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். நாய்க்கடிக்குத் தடுப்பூசி தயாரிப்பதற்காக 1907இல் தொடங்கிய நிறுவனம் அது. அந்த ஓர் அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையை ஆரம்பித்தார்.

பெரிபெரி வந்தால் கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயமே நின்றுவிடும். அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் இந்த நோய் அதிகம் தாக்கியது வடக்கே கோதாவரி, விசாகப்பட்டினம் பக்கத்துக் கடலோரத்தை. தமிழ் மாவட்டங்களில் மிகக் குறைவு. ரெண்டு இடத்திலும் அரிசிதான் சாப்பாடு. அப்புறம் என்ன வித்தியாசம்? அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள்ளே இறங்கிவிடும். அதுக்கப்புறம் மில்லில் தீட்டினாலும் முழுசாகப் போகாது. நம்ம பாட்டிமார் நெல் அவித்தது எவ்வளவு பெரிய காப்பு என்று யோசிச்சுப் பாருங்க!

வேலை சூடு பிடித்த நேரத்தில் அடி விழுந்தது. அரசாங்கச் செலவைக் குறைக்க இஞ்ச்கேப் பிரபு தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். 1923இல் மெக்கரிசனின் ஆராய்ச்சிக்கான பணத்தை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டை ஆராய்வது அன்றைக்கு அதிகாரிகளுக்கு வெட்டிச் செலவாகத் தெரிந்தது. இரண்டு வருஷம் போராடி, 1925இல் திரும்பத் தொடங்கினார்.

ஏழு வகைச் சாப்பாடு

அவரைப் பிரபலமாக்கிய சோதனை 1920களில் நடந்தது. ஒரே வயசு, ஏறக்குறைய ஒரே எடை, ஒரே வளர்ப்பில் வந்த எலிக்குட்டிகளை எடுத்துக்கொண்டார். கூட்டத்துக்கு 20 என்று ஏழு கூட்டம். இடம், வெளிச்சம், சுத்தம் எல்லாமே ஒண்ணுதான். சாப்பாடு மட்டும் வேறு. சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, மெட்ராஸ்காரர் என்று ஏழு பகுதி மக்கள் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டை, அவர்கள் சமைக்கிற மாதிரியே சமைத்துப் போட்டார்.

கடைசியில் தராசில் நிறுத்தினார். சீக்கியச் சாப்பாடு சாப்பிட்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். மெட்ராஸ் சாப்பாடு சாப்பிட்டவை 155 கிராம். ஏழில் ஏழாவது இடம் நமக்குத்தான்.

அந்தச் சீக்கியச் சாப்பாட்டில் முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, பழம், வாரம் ஒருநாள் கறி இருந்தது. மெட்ராஸ் சாப்பாட்டில் கழுவிக் களைந்து வடித்த தீட்டிய அரிசிச் சோறுதான் பிரதானம். பருப்பு, காய், மோர் எல்லாம் பக்கத்தில் பேருக்கு. கடைசியில் கொஞ்சம் பால் விட்ட காபி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. சில இனங்கள் பிறவியிலேயே வீரர்கள், சில இனங்கள் பிறவியிலேயே பலவீனர்கள் என்று ஆங்கிலேய ராணுவம் நம்பி, அதை வைத்தே ஆள் எடுத்த காலம் அது. மெக்கரிசனும் அந்த அரசாங்கத்தின் அதிகாரிதான். ஆனால் அவருடைய எலிகளுக்குள் சாதியும் இல்லை, இனமும் இல்லை. ஒரே வளர்ப்பு எலி, சாப்பாட்டைப் பொறுத்து வேறு வேறு உடம்பாகிவிட்டது.

ஆங்கிலேயர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவர்கள் நாட்டு ஏழைகளின் சாப்பாடான வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட டீ, வேகவைத்த கோஸ், டப்பாக் கறி, ஜாம் ஆகியவற்றை ஒரு கூட்டத்துக்குப் போட்டார். அந்த எலிகள் குட்டையாகின, சிடுசிடுத்தன. இரண்டு மாசம் ஆகும்போது பலவீனமான எலிகளை மற்றவை கொன்று தின்ன ஆரம்பித்தன.

சோற்றில் குறைவது என்ன?

இந்தச் சோதனையில் புரதம் மட்டும் மாறவில்லை. வைட்டமின், கொழுப்பு, தாது உப்பு எல்லாமே மாறின. எனவே 80 கிராம் வித்தியாசத்துக்கும் புரதமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கான விளக்கம் அதே காலத்தில் வேறு ஆய்வுக்கூடங்களில் உருவாகிக்கொண்டிருந்தது.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோர்த்த சங்கிலி. அதில் 9 அமினோ அமிலங்களை நம்ம உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வரணும். 1914இல் அமெரிக்காவில் ஆஸ்பார்ன், மெண்டல் என்ற இருவர் எலிகளுக்கு மக்காச்சோளத்தின் சீன் என்ற புரதத்தை மட்டும் கொடுத்தார்கள். எலிகள் இளைத்தன. டிரிப்டோபான் சேர்த்தபோது எடை குறைவது நின்றது. லைசினையும் சேர்த்தபோதுதான் வளர்ந்தன. இந்த வரிசையில் கடைசியாகக் கண்டுபிடிக்கப்பட்டது திரியோனின், 1935இல்.

நம்ம ஏரியா உதாரணத்தில் சொன்னால், எண்ணூர் லாரி தொழிற்சாலையில் நூறு இன்ஜின், நூறு கேபின் இருக்கட்டும். சக்கரம் பத்து வண்டிக்குத்தான் இருக்குன்னா, வெளியே போறது பத்து வண்டிதான். அரிசிப் புரதத்தில் குறையும் சக்கரம் லைசின். பருப்பில் லைசின் தாராளம், ஆனால் மெத்தியோனின் குறைவு. அது அரிசியில் போதுமான அளவு இருக்கிறது. சோறும் சாம்பாரும், இட்லியில் அரிசியும் உளுந்தும், பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் ஒன்றின் குறையை ஒன்று நிரப்பும் ஜோடிகள். ஒரே வேளையில்தான் சேரணும்னு கூட இல்லை. ஒரே நாளில் சேர்ந்தால் போதும். முட்டை, மீன், பால், கறி ஆகியவற்றில் ஒன்பதுமே தேவையான அளவில் இருக்கும்.

அப்போ மெட்ராஸ் சாப்பாடு தோற்றது எதனால்? அரிசி கெட்டது என்பதால் இல்லை. தட்டு நிறையச் சோறும், பக்கத்தில் பேருக்குப் பருப்பும் என்ற அளவுதான் பிரச்சினை. மூலக்கொத்தளத்துக்குப் பக்கத்திலேயே துறைமுகம். ரங்கூனில் இருந்து அரிசி மூட்டைகள் வந்து இறங்கிய இடம். மூட்டை தூக்கியவருக்கு வயிறு நிறைய வேண்டும், கூலியில் அரிசிதான் கட்டுப்படியாகும். அந்தத் தட்டு ருசியால் அமைந்தது இல்லை, வருமானத்தால் அமைந்தது.

அவருக்குப் பின்

1929 வாக்கில் அந்த ஓர் அறை 'ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம்' என்ற தனி நிறுவனமாகியிருந்தது. 1933இல் சர் பட்டம் வந்தது. 1935இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். அவருக்குப் பின் வந்த ஐக்ராய்ட், இந்திய உணவுப் பொருள்களில் எதில் எவ்வளவு சத்து என்ற அட்டவணையை 1937இல் வெளியிட்டார். ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். மெக்கரிசன் 1960 மே 18 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார்.

நம்ம தட்டுக்கு ஒரு கணக்கு

ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ இருக்கிறவருக்குச் சுமார் 50 கிராம். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசியில் 23 கிராம் வரும். 50 கிராம் துவரம்பருப்பில் 11. ஒரு முட்டையில் 6. 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 7. ஒரு கப் தயிரில் 3. மொத்தம் 50. எல்லாம் சமைக்கும் முன் எடை, ஏறக்குறைய கணக்கு. முட்டை வேண்டாம்னா ஒரு பெரிய கைப்பிடி வேர்க்கடலை. மீன் கிடைச்சா, காசிமேட்டு நெத்தில��� 100 கிராமே 18 கிராமுக்குக் குறையாமல் தரும். வஞ்சிரம் வாங்கித்தான் ஆகணும்னு இல்லை.

இதையே அரிசியில் மட்டும் எடுக்கப் பார்த்தால் 600 கிராமுக்கு மேல் பொங்கிச் சாப்பிடணும். அப்பவும் லைசின் பத்தாது. காலைல ரெண்டு இட்லியோட ஓடிவந்து, மத்தியானம் லெமன் ரைஸ், சாயங்காலம் டீ பிஸ்கட், ராத்திரி ரசம் சோறு என்று ஓட்டுற நம்ம ஆளுங்க நிறைய பேர் தட்டு, மெக்கரிசன் கடைசி இடம் கொடுத்த தட்டோட கிட்டத்தட்ட ஒண்ணுதான். பரம்பரையைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, நாளைக்கு மத்தியானம் டப்பாவைத் திறந்து சோற்றுக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு ஒரு தடவை பாருங்க. குறைஞ்சா, சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதிலா ஒரு பொட்டலம் சுண்டல்.