திலகர் மீது மூன்று வழக்குகள்

பாலகங்காதர திலகர் 1856-ம் ஆண்டு ரத்தினகிரியில் பிறந்தார். 1881-ல் நண்பர்களுடன் சேர்ந்து 'கேசரி' என்ற மராத்தி பத்திரிகையைத் தொடங்கினார்.

அப்போது 124-ஏ என்று ஒரு சட்டம் இருந்தது. சர்க்கார் மீது வெறுப்பு உண்டாகும்படி எழுதினாலோ பேசினாலோ அது ராஜத்துரோகம். ஆயுள் தண்டனைகூட கிடைக்கும்.

1897-ல் 'கேசரி'யில் வந்த எழுத்துக்காக திலகர் கைதானார். தாவர் என்ற வக்கீல் வாதாடி ஜாமீன் வாங்கிக் கொடுத்தார். பிறகு விசாரணை நடந்தது. ஜூரிகள் ஒன்பது பேர். வெள்ளையர் ஆறு பேரும் குற்றவாளி என்றனர். இந்தியர் மூவரும் குற்றமில்லை என்றனர். தண்டனை 18 மாதம்.

1908-ல் மறுபடியும் வழக்கு. இம்முறை நீதிபதி யார் தெரியுமா? அதே தாவர்தான்! ஆறு ஆண்டு தண்டனை விதித்தார்.

திலகர் பர்மாவில் உள்ள மாண்டலே சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே 'கீதா ரகசியம்' எழுதினார். 1912-ல் மனைவி சத்யபாமா இறந்தார். கடைசியாக முகம் பார்க்கவும் திலகருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஆனாலும் அவர் வாய் மூடவில்லை. 1914-ல் விடுதலையாகி, சுயராஜ்யம் கேட்டு ஊர் ஊராகப் பேசினார். 1916-ல் மூன்றாவது வழக்கு வந்தது. 20 ஆயிரம் ரூபாய் ஜாமீன் கட்டும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். ஜின்னா திலகருக்காக வாதாடினார். அதிகாரிகளின் ஆட்சியைக் கண்டிப்பது ராஜத்துரோகம் ஆகாது என்று கூறி, பம்பாய் ஐகோர்ட்டு உத்தரவை ரத்து செய்தது.

1920-ல் திலகர் மறைந்தார். 124-ஏ பிரிவை சுப்ரீம் கோர்ட்டு 2022-ல் நிறுத்தி வைத்தது. 2024-ல் புதுச் சட்டம் வந்தது. அதில் உள்ள 152-வது பிரிவை எதிர்த்து 2025-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வழக்கு வந்தது. கண்டிப்பது வேறு, துரோகம் வேறு. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்ற கேள்வி திலகரோடு முடிந்துவிடவில்லை.