பேரறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

மாரியிற் கலங்கிவரும் வெருகலாற்றில் ஒளியைச் சிதறச் செய்வன மண்துகள்கள். துகளற்ற தெளிநீரிலும் ஒளி சிறிது சிதறும். அது மூலக்கூறுகளின் செயல். அச்சிறு சிதறலை ஆராய்ந்து புகழெய்தியவர் கிருஷ்ணன்.

1898 இல் தமிழ்நாட்டு வத்திராயிருப்பிற் பிறந்த இவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். 1923 இல் கல்கத்தாவிலே சி. வி. இராமனுக்கு ஆராய்ச்சித் துணைவரானார். தூசு சிறிதிருப்பினும் அதன் ஒளி மூலக்கூற்றொளியை மறைத்துவிடும். ஆதலின், அறுபத்தைந்து திரவங்களைத் தூசற வடித்துத் தூய்மை செய்து, ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்.

1928 பெப்ரவரியில், சிதறிய ஒளியின் ஒரு சிறுபகுதி நிறம் மாறி வருதலை இருவரும் கண்டனர். அம்மாற்றம் மூலக்கூறுகளின் அதிர்வைப் புலப்படுத்திற்று. நெருக்கமான திரவத்துள்ளும் அவை சுழல்வதை, நிறமாலைக் கோட்டின் இருமருங்கும் படர்ந்த மங்கலொளி கொண்டு அவ்வாண்டிலேயே விளக்கினர். பின்னாளில் நியூத்திரன்களைச் சிதறச் செய்து திரவங்களின் உள்ளசைவை ஆராய்ந்தோரும் இந்நெறியினரே.

1930 இல் நோபல் பரிசு இராமன் ஒருவர்க்கே கிட்டியது. கிருஷ்ணனோ ஆராய்ச்சியில் தளர்ந்தாரல்லர். படிகங்களின் காந்தவியல்பை ஆராய்ந்தார். 1940 இல் இலண்டன் றோயல் சங்கத்து உறுப்பினரானார். 1947 இல் புதுதில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதல் இயக்குநரானார். 1961 இல் மறைந்தார்.

பரிசு ஒருவரைச் சேரினும், 1928 ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருவர் பெயரும் உள. துகளற வடிக்கும் பொறுமையே அறிவின் முதற்படி என்பதை நம் மாணவர் இவர் வாழ்விற் கண்டுகொள்வாராக.