காந்தளுக்குப் பெயர் சூட்டியவர்

உவரிப் பக்கம் வேலியோரம் படரும் காந்தளைக் கண்வலிக் கிழங்கு என்போம். கலப்பைக் கிழங்கு என்போரும் உண்டு. விதை வாங்கும் மருந்து நிறுவனத்துக்கோ ‘குளோரியோசா சூபர்பா’ என்ற ஒரே பெயர்தான். சூட்டியவர் கார்ல் லின்னேயஸ். இந்தியாவுக்கே வராதவர்!

1707-ல் சுவீடனில் பிறந்தார். தந்தை பாதிரியார், தோட்டப் பிரியர். மகன் மருத்துவம் படித்து உப்சாலாவில் பேராசிரியரானார். அதுவரை ஒரு செடியின் பெயரே ஒரு வரிக்கு நீளும். அதை இரண்டே சொல்லாக்கி 1753-ல் நூல் வெளியிட்டார். பனி விலகியதும் சாண் உயரத்தில் பூக்கும் குட்டை ஐரிஸும் அதில் ‘ஐரிஸ் பியூமிலா’ ஆனது. கடுங்குளிர் கேட்கும் அந்தக் கிழங்கு நமக்குச் சரிப்படாது. காந்தள் கோடையில் உறங்கி மழைக்கு முளைக்கும். கிழங்கும் விதையும் நஞ்சு, கவனம்.

1774-ல் லின்னேயஸைப் பக்கவாதம் தாக்கியது. 1778-ல் காலமானார். அவர் சேர்த்த உலர்செடிகளைக் குடும்பம் விற்றது. அவை இன்று லண்டனில் உள்ளன.