ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 1960) தமிழ்நாட்டில் பணியாற்றிய அமெரிக்க மகப்பேற்று மருத்துவரும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிறுவனரும் ஆவார். இராணிப்பேட்டையில் பிறந்தார். இவரது பாட்டனார், தந்தை இருவரும் மறைப்பணியாற்றிய மருத்துவர்கள்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

அமெரிக்காவில் கல்வி பயின்ற ஐடா, தாயின் நோயை முன்னிட்டு 1890 இல் திண்டிவனம் வந்தார். அவ்வூர் அப்போது தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 2019 இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையடிவாரமும் அன்று அதே மாவட்டத்தைச் சேர்ந்தவையே. ஓரிரவில் ஓர் இசுலாமியரும் இரு இந்துக்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் இருந்த தம் மனைவியரைக் காக்குமாறு ஐடாவை வேண்டினர். அவர் மருத்துவம் பயின்றவரல்லர். மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லுமாறு அவர் கூறியதை மூவரும் ஏற்கவில்லை. ஆடவர் பெண்களைத் தொட்டு மருத்துவம் செய்வதை வழக்கம் தடுத்தது. மறுநாள் மூன்று பெண்களும் இறந்திருந்தனர். மறைப்பணியில் விருப்பமற்றிருந்த ஐடாவை மருத்துவம் பயிலத் தூண்டியது இந்நிகழ்வே. 1899 இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900 இல் வேலூரில் பணி தொடங்கினார். மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை 1902 இல் திறக்கப்பட்டது.

மகப்பேற்றுக் காய்ச்சல்

அக்காலத்தில் தாய்மார் இறப்புக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று மகப்பேற்றுக் காய்ச்சல். நச்சுக்கொடி பிரிந்தபின் கருப்பையின் உட்புறம் ஆறாத புண்போல் இருக்கும். கழுவாத கைகள், கருவிகள் வழியாகக் கிருமிகள், குறிப்பாக இசுட்ரெப்டோகாக்கசு, அதில் நுழைந்து குருதியில் பரவும். கடுங்காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றமுள்ள கசிவு ஆகியவை இதன் அறிகுறிகள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவினால் இறப்பு வெகுவாகக் குறையும் என வியன்னாவில் செம்மல்வெய்சு 1847 இலேயே காட்டியிருந்தார். உடன் பணியாற்றியோர் பலர் அதை ஏற்கவில்லை.

தொற்றிய பின் கொடுக்கப் பயனுள்ள மருந்து நெடுங்காலம் கிடைக்கவில்லை. சல்பா மருந்துகள் 1930களின் நடுவிலும், பெனிசிலின் 1940களிலும்தான் வந்தன. ஆகவே ஐடாவின் முதல் 35 ஆண்டுப் பணியில் தடுப்பே சிகிச்சை எனலாம். பயிற்சியற்ற கைகள் பலமுறை உட்சோதனை செய்தபின், காலங்கடந்து வரும் பெண்ணுக்கு அறுவை சிகிச்சையும் பேரிடரே. இன்று கருப்பைத் தொற்றுக்கு கிளிண்டாமைசின், ஜென்டாமைசின் ஆகியவற்றைச் சேர்த்துத் தருமாறு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. நச்சுக்கொடியின் எச்சம் தங்கியிருந்தால் அகற்ற வேண்டும்.

பயிற்சிப் பணி

தாம் ஒருவரே எல்லாப் பேறுகளுக்கும் செல்ல இயலாது என்பதை ஐடா விரைவில் உணர்ந்தார். 1909 இல் செவிலியர் பள்ளியையும், 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பெண்கள் தேறமாட்டார்கள் என அரசு அலுவலர்கள் ஐயுற்றனர். 1922 இல் இறுதித் தேர்வெழுதிய 14 மாணவியரும் தேர்ச்சி பெற்றனர். குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் வண்டியை நிறுத்தி, மரநிழலில் நோயாளிகளைப் பார்க்கும் சாலையோர மருத்துவத்தையும் அவர் நடத்தினார்.

பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்த அப்பள்ளியில் 1947 முதல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். பணி ஓய்வுக்குப் பின் கொடைக்கானலில் வாழ்ந்த ஐடா, தமது 89 ஆம் அகவையில் அங்கு காலமானார்.