தூண்டில் பிடித்த வழக்கறிஞர்

அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாறு, நெய்யாற்றின்கரையைத் தழுவிக்கொண்டு சென்று பூவாற்றில் கடலோடு கலக்கிறது. அந்த ஆற்றங்கரையிலும், பாறசாலையைச் சுற்றியுள்ள குளக்கரைகளிலும், வெயில் தாழ்ந்த பிறகு தூண்டிலிட்டு அமர்ந்திருப்போரைக் காணலாம். ஒருவர் சிரட்டையில் மண்புழு வைத்திருப்பார். அடுத்தவர் மாவை உருட்டி வைத்திருப்பார். மூன்றாமவர் விராலுக்கென்றே சிறு தவளை தேடிக் கொண்டு வந்திருப்பார். ஒவ்வொருவருக்கும் தம் இரையே இரை. மற்றவர் செய்வது வீண் வேலை. இது பற்றி அவர்கள் நடத்தும் வாதம், மீன் பிடிப்பதைவிடச் சுவையானது.

வாதம் எந்த மொழியில் நடக்கிறது என்று கேட்டால் விடை சொல்வது கடினம். மண்புழுவை ஒருவர் ஞாஞ்ஞூல் என்பார். தூய தமிழ் தேடுவோர் ஏட்டில் காணும் நாங்கூழ் என்ற சொல்லின் உடன்பிறப்பு அது. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் எல்லைப்புறத்தில், எது தூயது, எது கலந்தது என்று கோடு கிழிக்கப் புகுந்தவன் கைதான் சோரும்.

நம் குளக்கரைச் சண்டை இருட்டியதும் முடிந்துவிடும். இங்கிலாந்து நாட்டிலோ இதே சண்டை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடந்தது. நூல்கள் எழுந்தன, சங்கத்தில் விவாதம் கூடியது, நட்பில் கசப்பு விழுந்தது. அந்தச் சண்டையின் நடுவில், குரலை உயர்த்தாமல், கண்டதைக் கண்டபடி சொல்லி நின்ற ஒருவரின் வாழ்வை இங்கே காண்போம். அவர் பெயர் ஜி. இ. எம். ஸ்கூஸ். தூண்டிற் கலையை அறிந்தோர் உலகெங்கும் மதிக்கும் பெயர் அது.

ஸ்கூஸ் 1858-ஆம் ஆண்டு நியூபவுண்ட்லாந்து தீவில் பிறந்தார். தந்தை படைப்பிரிவு ஒன்றில் மருத்துவர். பிள்ளைகளில் இவரே மூத்தவர். 1872-இல் இங்கிலாந்தின் பழம்பெரும் வின்செஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். அந்த ஊரின் வழியே ஓடுகிறது இச்சன் என்னும் ஆறு. சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே ஊறிவரும் நீர் ஆதலின், அடியில் கிடக்கும் கல்லும் பாசியும் கண்ணாடிக்குள் தெரிவதுபோல் தெரியும். அந்த நீரில் வாழ்வது ட்ரவுட் என்னும் மீன். வெள்ளையர் நம் நீலகிரி ஓடைகளுக்கும் மூணாற்று மலைக்கும் கொண்டுவந்து விட்ட குளிர்நீர் மீன் இனமும் அதுவே. பள்ளிச் சிறுவனாகவே ஸ்கூஸ் தூண்டில் எடுத்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் லண்டனில் ஒரு வழக்கறிஞர் நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பின்னர் அதே நிலையத்தில் பங்காளியானார். 1940-இல் ஓய்வு பெறும் வரை சட்டமே அவருக்குச் சோறு போட்டது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. வேலை நாட்களில் பத்திரமும் வழக்கும். ஓய்வு கிடைத்தால் ரயிலேறி இச்சன் ஆறு. 1883-ஆம் ஆண்டு, வின்செஸ்டரை அடுத்த ஆபட்ஸ் பார்ட்டன் என்னும் இடத்தில் மீன் பிடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அந்த ஒரு துண்டு ஆறே பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவருடைய பள்ளிக்கூடமாயிற்று.

இனி, சண்டை எதைப் பற்றியது என்பதைச் சொல்ல வேண்டும். அங்கே புழுவையோ மாவையோ தூண்டிலில் கோப்பதில்லை. பறவை இறகு, விலங்கின் மயிர், பட்டு நூல் ஆகியவற்றைச் சிறு கொக்கியில் சுற்றிப் பூச்சி போல் ஒன்று செய்வார்கள். அதைச் செயற்கை ஈ என்போம். மீன் அதை உண்மைப் பூச்சி என்று நம்பி வாய் திறக்க வேண்டும். ஆகவே, ஆற்றுப் பூச்சியின் வாழ்க்கையை அறிந்தவனே அந்தக் கலையில் வல்லவன்.

அப்பூச்சிகளின் வாழ்வு வியப்புக்குரியது. முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பூச்சி, பல மாதங்கள் நீருக்கடியில் கல்லிடுக்கிலும் பாசியிலும் வளர்கிறது. காலம் கனிந்ததும் நீர்மட்டத்துக்கு எழுகிறது, தோலை உரிக்கிறது, சிறகு விரித்துப் பறக்கிறது. மழைக்குப் பின் புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதை நினைத்துக்கொள்ளலாம். சிறகு முளைத்தபின் அதன் ஆயுள் ஓரிரு நாட்களே. அது நீர்மேல் அமர்ந்திருக்கும் சில நொடிகளில் மீன் அதைக் கவ்வினால், நீரில் ஒரு வட்டம் தோன்றும். அந்த வட்டத்தைப் பார்த்து, மீனுக்குப் பின்னாலிருந்து நீரோட்டத்தை எதிர்த்து வீசி, நனையாமல் மிதக்கும் ஈயை அதன் தலைமேல் இறக்குவது ஒரு முறை. இதுவே மிதக்கும் ஈ முறை.

இம்முறைக்கு இலக்கணம் வகுத்தவர் பிரெடரிக் ஹால்போர்டு. துணி வாணிபத்தில் செழித்த குடும்பத்தில் 1844-இல் பிறந்தவர். 1889-இல் தொழிலை விட்டு விலகி, எஞ்சிய வாழ்நாளை ஆற்றுக்கே தந்தார். மேரியட் என்ற நண்பருடன் சேர்ந்து பூச்சிகளைப் பிடித்து, அவற்றின் நிறத்தையும் அளவையும் ஆராய்ந்து, 1886-இல் மிதக்கும் ஈக்களைப் பற்றிய தம் முதல் நூலை வெளியிட்டார். நூலில் தம் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று மேரியட் மறுத்துவிட்டார். ஹால்போர்டின் உழைப்பு பெரிது. அதை ஸ்கூஸும் மறுத்ததில்லை. அந்த நூல்களைப் படித்துத் தேறியவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் என்ன நேர்ந்தது? நல்ல முறை ஒன்று நாளடைவில் ஒரே முறை ஆயிற்று. ஒரே முறை என்பது அறமும் ஆயிற்று. மிதக்கும் ஈயால் பிடிப்பவனே கண்ணியவான், நீரில் மூழ்கும் ஈயை வீசுபவன் ஆற்றைக் கெடுப்பவன் என்ற எண்ணம் சுண்ணாம்பு ஆறுகளின் கரையில் வேரூன்றியது. பல குத்தகை நீர்களில் மிதக்கும் ஈ மட்டுமே என்பது விதியாயிற்று. ஒருவர் தமக்கு உவந்ததைச் செய்வதற்கும், பிறருக்கு உவந்ததைப் பாவம் என்பதற்கும் இடையே உள்ள தொலைவை அவர்கள் எளிதில் கடந்துவிட்டார்கள்.

1890-களின் தொடக்கத்தில் ஒரு நாள். இச்சன் கரையில் ஸ்கூஸ் நிற்கிறார். மீன்கள் இரை தின்பது தெரிகிறது; மிதக்கும் ஈயை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த ஈயின் இறகு மென்மையானது. அது நீரை உறிஞ்சி, அவர் விருப்பமின்றியே மூழ்கிவிட்டது. மூழ்கியதும் மீன் அதைப் பிடித்துக்கொண்டது. மீண்டும் மூழ்கியது, மீண்டும் ஒரு மீன். வேறொருவராயின் தற்செயல் என்று மறந்திருப்பார், அல்லது வெட்கத்துக்குரியது என்று மறைத்திருப்பார். வழக்கறிஞராகிய ஸ்கூஸ் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்.

சாட்சியம் ஒன்று போதாது, மேலும் வேண்டும். அதற்கு அவர் கண்ட கருவி எளியது. எலும்பின் உட்சோற்றை வழித்தெடுக்க மேசையில் வைக்கும் நீண்ட ஒல்லியான கரண்டி ஒன்று அந்நாட்டில் உண்டு. பிடித்துக் கொன்ற மீனின் வயிற்றில் அதைச் செலுத்தி, உள்ளே இருப்பதை எடுத்து, வெள்ளைத் தட்டில் நீர்விட்டுப் பிரித்துப் பார்த்தார். சிறகு முளைத்த பூச்சி சிறிதளவே இருந்தது. சிறகு முளைக்காத இளம்பூச்சிகளே மிகுந்திருந்தன. நீர்மட்டத்தில் வட்டம் எழுந்தபோதும், மீன் பல வேளைகளில் மேலுள்ளதைத் தின்னவில்லை. மேலே வந்துகொண்டிருந்ததைத் தின்றது! மனிதர்கள் கரையில் நின்று வகுத்த இலக்கணத்தை மீனின் வயிறு ஏற்கவில்லை.

அதன்பின் அவர் அந்த இளம்பூச்சியின் வடிவிலேயே ஈக்கள் கட்டினார். கண்ணுக்குத் தெரியும் மீனை நோக்கி, எதிர்நீரில், மட்டத்துக்குச் சற்றுக் கீழே செல்லும்படி வீசினார். ஆற்றில் எங்கேனும் எறிந்து கிடைத்ததை இழுப்பது அவர் முறையன்று. மிதக்கும் ஈயை அவர் கைவிடவும் இல்லை. மீன் மேலே தின்றால் மேலே, கீழே தின்றால் கீழே. ஒன்றுக்கு மற்றொன்று துணை என்பதே அவர் கொள்கை.

1910-ஆம் ஆண்டு ஒரு விந்தையான ஆண்டு. அவ்வாண்டில் ஹால்போர்டு தம் முடிவான நூலை வெளியிட்டார். ஒருவனுக்குத் தேவையான ஈக்கள் முப்பத்துமூன்றே என்று அதில் வரையறுத்தார். அதே ஆண்டில் ஸ்கூஸ் தம் முதல் நூலை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட தலைப்போ, சுண்ணாம்பு ஓடையின் சிறு உத்திகள் என்னும் பொருள்பட்ட அடக்கமான தலைப்பு. ஒருவர் கதவைச் சாத்திய ஆண்டில் மற்றவர் சன்னலைத் திறந்தார் எனலாம். 1914-இல் ஹால்போர்டு மறைந்தார். 1921-இல் ஸ்கூஸின் இரண்டாம் நூல் வந்தது. மீனின் கண் எதைக் காண்கிறது, எவ்வாறு காண்கிறது என்பதிலிருந்து அது தொடங்குகிறது.

கருவியிலும் அவருக்குத் தனி விருப்பம் இருந்தது. நீண்டு கனத்த ஆங்கிலக் கோல்களை விட்டு, அமெரிக்காவில் லெனார்டு என்பவர் பட்டறையில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிச் செய்த இலேசான கோலைக் கைக்கொண்டார். உலகின் தலைசிறந்த கோல் என்று அதற்குச் செல்லப் பெயரும் இட்டார். ஆனால் எல்லோரும் அதையே பிடிக்க வேண்டும் என்று சட்டம் எழுதவில்லை.

ஆசிரியர் மறைந்தாலும் அடியார் மறையவில்லை. குருவைவிடச் சீடர் கடுமையாக இருப்பது எங்கும் உள்ள வழக்கமன்றோ? 1938-இல் லண்டன் ஈத்தூண்டிலோர் சங்கத்தில், இளம்பூச்சி முறை சுண்ணாம்பு ஆறுகளில் தகுமா என்று விவாதம் நடந்தது. ஸ்கூஸுக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. அவருக்கு எதிராகப் பேசியவர்களே மிகுதி. அந்த ஆண்டோடு ஆபட்ஸ் பார்ட்டனையும் அவர் விட்டார். ஐம்பத்தைந்து ஆண்டுகளாகக் கல்லும் பாசியும் முகம் தெரிந்த ஆறு! முதுமையில் அந்தப் பிரிவு எளிதாக இருந்திராது.

அதற்கு விடையாக அவர் செய்தது, மறு ஆண்டே இளம்பூச்சி முறையை விளக்கி இன்னொரு நூல் வெளியிட்டது. வசை இல்லை, பெரும்பாலும் சான்றுகளே. பின்பு நேடர் என்னும் வேறோர் ஆற்றங்கரைக்குப் போய் அங்கே மீன் பிடித்தார். பிராங்க் சாயர் என்ற ஆற்றுக் காவலருடன் கடிதம் வழியே பழகி ஊக்கம் தந்தார். சாயர் பிற்காலத்தில் இளம்பூச்சி முறையை மேலும் வளர்த்து, 1958-இல் நூலாக்கினார். இன்று உலகில் ட்ரவுட் மீன் உள்ள இடமெல்லாம் அம்முறை வழங்குகிறது.

ஸ்கூஸ் எழுதிய கதை ஒன்று உண்டு. மீன் பிடிப்பதில் பெருமிதம் கொண்ட ஒருவர் இறக்கிறார். அழகிய ஆற்றங்கரைக்கு அவரை அழைத்துச் செல்கிறார்கள். சிறந்த கோல், பொருத்தமான ஈ, உதவிக்குக் காவலர். முதல் வீச்சிலேயே கொழுத்த மீன். மறு வீச்சிலும் அதே எடை மீன். அதற்கடுத்த வீச்சிலும் அப்படியே. இடம் மாறக் கூடாது, நிறுத்தவும் கூடாது. எத்தனை வீச்சோ அத்தனை மீன். தப்பிய மீன் ஒன்றும் இல்லை. இதுதான் சொர்க்கம் என்று நம்பியவருக்கு மெல்ல மெல்லத் தெளிகிறது, தாம் வந்திருப்பது நரகம் என்று. ஐயமே இல்லாத இடத்தில் கலைக்கு உயிர் இல்லை என்பதை இதைவிட நயமாகச் சொல்ல முடியுமா?

1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தொண்ணூறு வயது நிறைந்து ஸ்கூஸ் மறைந்தார். அவருடைய சாம்பலை ஆபட்ஸ் பார்ட்டனில், இச்சன் கரையில் தூவினார்கள். விலகி வந்த ஆற்றுக்கே அவர் திரும்பினார்.

விருப்பம் மனிதர்க்கு மனிதர் வேறுபடும், வேறுபட வேண்டும். தம் விருப்பத்துக்குத் தூய்மை என்று பெயரிட்டுப் பிறர்மேல் சுமத்தும்போதுதான் கேடு தொடங்குகிறது. அந்தக் கேட்டுக்கு மருந்து கூச்சல் அன்று; பொறுமையாக உள்ளே நோக்குவது. கரையில் நின்று சட்டம் பேசுவோர் நடுவில், ஒருவர் குனிந்து மீனின் வயிற்றைப் பார்த்தார். உண்மை அங்கே இருந்தது. மாணவராகிய நமக்கு எத்துறையிலும் உதவக்கூடிய பழக்கம் அது.

பாறசாலைக் குளக்கரையில் இன்னும் வாதம் நடக்கிறது. மாவுருண்டைக்காரர் மண்புழுக்காரரைப் பழிக்கிறார். ஆயினும் நெடுநேரம் மீன் கடிக்காவிட்டால், ஒன்றும் பேசாமல் பக்கத்துச் சிரட்டையை நோக்கிக் கை நீட்டுகிறார். சிரட்டைக்காரரும் ஒன்றும் பேசாமல் அதைத் தள்ளி வைக்கிறார்.