காந்தியடிகளும் கால்பந்தும்

காந்தியடிகள் என்றவுடன் கைராட்டையும் கைத்தடியும் நம் கண்முன் வரும். கால்பந்து வருவதில்லை. அவருக்கும் விளையாட்டுக்கும் இளமையில் வெகுதூரம். 1869 அக்டோபர் 2 இல் போர்பந்தரில் பிறந்த அவர் இராஜ்கோட்டில் படித்தபோது, தலைமையாசிரியர் கிமி மேல்வகுப்பு மாணவர்க்குத் தேகப்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கினார். மோகன்தாசுக்கோ பள்ளி விட்டதும் நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்ய ஓடவேண்டும். ஒருநாள் வானம் மூடியிருந்ததால் நேரம் தெரியாமல் பயிற்சிக்குப் பிந்திப் போனார். உண்மையைச் சொல்லியும் நம்பாமல் அபராதம் விதித்தார்கள். காசு ஓரிரு அணாதான். தன்னைப் பொய்யன் என்று எண்ணிவிட்டார்களே என்று அழுதார்.

இலண்டன் சென்று வழக்கறிஞரானது, பம்பாயில் வழக்காட நாவெழாமல் திகைத்தது எல்லாம் நாம் பாடநூலில் படித்தவையே. 1893 இல் அவர் தென்னாப்பிரிக்கா சென்ற பிறகு நிகழ்ந்ததைத்தான் இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் அதில் நம் மாவட்டத்தாருக்கும் பங்குண்டு. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலில் இறக்கியது. பின்னர் அரை நூற்றாண்டுக்காலம் கப்பல்கள் ஓயவில்லை. கரும்புத் தோட்டத்திற்குச் சென்றவர்களில் வடஆற்காடு, தென்னாற்காடு மக்கள் மிகப் பலர். புவனகிரியும் சிதம்பரமும் அன்று தென்னாற்காட்டைச் சேர்ந்தவை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விழுந்தது. என் பாட்டன் காலத்து ஏழைகளை நினைத்துப் பார்க்கிறேன். கடல் கடந்தும் அவர்களைக் கடன் விடவில்லை.

டிரான்ஸ்வாலில் இந்தியர் அனைவரும் கைரேகை பதித்துப் பதிவுச்சீட்டு வைத்திருக்க வேண்டுமென்ற சட்டத்தை எதிர்த்து, 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய மக்கள் சூளுரைத்தனர். சிறை நிரம்பியது. தம்பி நாயுடு போன்ற தமிழர்கள் திரும்பத் திரும்பச் சிறை புகுந்தனர். நாகப்பன் என்ற இளைஞர் 1909 இல் சிறைக்கொடுமையால் மாண்டார்.

நண்பர்களே, சிறை சென்றவரைப் பற்றி வரலாறு பேசும். அவர் வீட்டு அடுப்பைப் பற்றி யார் பேசுவார்? காய்கறி கூவி விற்றவன் உள்ளே போய்விட்டால் மனைவி மக்கள் அன்றிரவு என்ன உண்பர்? காந்தியடிகளின் பெருங்கவலை இதுவாகவே இருந்தது. இந்தியாவிலிருந்து இரத்தன் டாட்டா 1909 இல் இருபத்தையாயிரம் ரூபாய் அனுப்பினார். உள்ளூர் மக்களும் கொடுத்தனர். அத்துடன் பந்தும் வந்து சேர்ந்தது. டர்பன், ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்களில் ‘சாத்வீக எதிர்ப்பாளர்’ என்ற பெயரிலேயே கால்பந்துக் குழுக்கள் அவர் ஆதரவில் தோன்றின. 1910 இல் ஜோகன்னஸ்பர்க் குழுவும் பிரிட்டோரியாக் குழுவும் மோதின. ஆட்டம் காணக் கூடியவர்களிடம் போராட்டத்தின் நியாயம் எடுத்துரைக்கப்பட்டது. வசூலான பணம் சிறைப்பட்டோர் குடும்பங்களுக்குச் சென்றது.

ஆட்டம் ஆடிப் பணம் சேர்ப்பானேன், நேரே கேட்டாலென்ன என்று நானும் முன்பு நினைத்ததுண்டு. சென்ற ஆண்டு எங்களுடன் படிக்கும் ஒருவனின் தந்தை தறிவேலை செய்ய முடியாமல் படுத்துவிட்டார். நோட்டுப் புத்தகத்துடன் கடைத்தெருவில் நன்கொடை கேட்டோம், கிடைத்தது சொற்பம். அதையும் அவன் தாயார் வாங்க மறுத்துவிட்டார். பிறகு வெள்ளாற்று மணலில் நாலு ஊர்ப் பையன்களைக் கூட்டி டென்னிஸ் பந்தில் போட்டி வைத்தோம். முன்பு கைவிரித்த கடைக்காரர்களே பரிசுத் தொகை தந்தார்கள். மகனும் அந்த ஆட்டத்தில் ஓடிப் பந்து பிடித்திருந்ததால் அம்மா அப்பணத்தைத் தட்டவில்லை. கொடுப்பவன் கை உயராமலும் வாங்குபவன் கை தாழாமலும் காசு இடம் மாறுவதற்கு விளையாட்டைப் போல வேறொன்றும் இல்லையென்று தோன்றுகிறது.

ஆயினும் பந்து மட்டும் பசி தீர்க்கவில்லை. போராட்டம் நீண்டது, குடும்பந்தோறும் மாதப்பணம் கொடுத்துக் கட்டவில்லை. 1910 மே மாதம் நண்பர் காலன்பாக் தம் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி விட்டுத்தந்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல். சிறை சென்றோர் குடும்பங்கள் அங்கு ஒரே சமையலில் உண்டன, செருப்புத் தைத்தன, மரவேலை கற்றன. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமக்குத் தெரிந்த அளவு தமிழை அவரே சொல்லிக் கொடுத்தார்!

ஒரு குறையையும் மறைக்க வேண்டியதில்லை. அந்தக் குழுக்கள் இந்தியர் குழுக்களே. அந்நாட்டு மண்ணின் மக்களான கறுப்பின மக்களை அன்றைய காந்தியடிகள் தம் போராட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களைக் குறித்து அவர் எழுதிய சில சொற்கள் இன்று படிக்கக் கசக்கின்றன. அவரும் வளர்ந்த மனிதரே, வளர்ந்தே பிறந்தவரல்லர்.

பொதுப்பணத்தில் அவர் காட்டிய கண்டிப்பு வியப்புக்குரியது. 1901 இல் தாயகம் புறப்பட்டபோது மக்கள் தந்த தங்கம், வைரங்களை, கஸ்தூரிபாவுக்கென்றே தந்த ஆரம் உட்பட, கஸ்தூரிபா கண்ணீர் விட்டுத் தடுத்தும் கேளாமல் சமூகத்திற்கே அறக்கட்டளையாக எழுதிவைத்துவிட்டார். என்னைக் கேட்டால் கஸ்தூரிபாவின் கண்ணீரிலும் நியாயம் இருந்தது.

1913 நவம்பரில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் நோக்கி நடந்தனர். சிறையில் நோயுற்ற வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 இல் மறைந்தாள், வயது பதினாறு. கொள்ளிடத்திற்கு அப்பாலுள்ள தில்லையாடி அவள் முன்னோர் ஊர். அவ்வாண்டே மூன்று பவுன் வரி ஒழிந்தது.

1915 சனவரியில் தாயகம் திரும்பியவர் அவ்வாண்டே தில்லையாடிக்கு வந்தார். 1927 இல் கதர் நிதிக்காகத் தமிழகம் சுற்றியபோது செப்டம்பரில் நம் சிதம்பரத்திற்கும் வந்தார். கூட்டந்தோறும் தமக்களித்த பொருள்களை மேடையிலேயே ஏலம் விடுவார். பேரம் பேசிச் சிரிக்க வைத்து விலையை ஏற்றுவதில் கைதேர்ந்தவர். பின்னர் 1933-34 இல் அரிசன நிதிக்காக நாடெங்கும் சென்றபோது, கையெழுத்துக் கேட்டு நோட்டை நீட்டியவர்களிடம் முதலில் ஐந்து ரூபாயை வாங்கிக்கொண்டுதான் பேனாவைத் திறந்தார்.